தலை உறைக்கு அளவு

எங்கள் கடையிலிருந்து தவறான உருப்படி வெளியே போனது என் நினைவில் ஒரே முறைதான். அது சிறைச்சாலைக்குப் போனது. தவறு தம்பியினுடையது, ஆனால் கடைக்கு மூத்தவன் நான் என்பதால் பழியை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட பிறகு அன்று இரவு வரை அவனோடு பேசவில்லை.

நீதிபதிகளின் அங்கி, வக்கீல்களின் கோட்டு, மாப்பிள்ளைகளின் சூட்டு, சிறைக் காவலர்களின் சீருடை எல்லாம் தாத்தா காலத்திலிருந்து எங்களிடம்தான். நாங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு சபையில் கூச்சப்பட்டவர் எவரும் கிடையாது. காரணம் எங்கள் விதி. அளவெடுக்காமல் கத்தரியைத் தொடுவதில்லை. போட்டுப் பார்க்காமல் தையலை முடிப்பதில்லை. போட்டுக்கொள்கிறவர் தம் வாயால் சரியாக இருக்கிறது என்று சொல்லாமல் உருப்படி கடையை விட்டு நகராது. மந்திரியானாலும் இதுதான், மாமனாரானாலும் இதுதான்.

அன்று நான் உள்ளே ஒருவருக்குத் தோள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெயிலர் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவன் தம்பி. கறுப்பில் ஒரு தலை உறை, அவசரம் என்றாராம் அவர். தம்பி காதில் அது தலையணை உறை என்று விழுந்திருக்கிறது. ஜெயிலர் வீட்டுக் கட்டிலுக்கு என்று இவனாக முடிவுகட்டி, நீதிபதி அங்கியில் மிஞ்சிய நல்ல கறுப்புத் துணியில், நான்கு பக்கமும் சுருக்கம் வைத்து, பின்னால் பட்டனும் வைத்து, தேய்த்து மடித்து அனுப்பிவிட்டான். தலையணைக்கு அளவு தேவையில்லை என்பது அவனுடைய வாதம்.

மறுநாள் ஜெயிலர் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். கல்யாண சீசன். ஒரு மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் பாதி கோட்டோடு நின்றிருந்தார். அவருடைய அம்மாவும் அத்தையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரியவரே, என்ன இது?" என்றார் ஜெயிலர்.

"பார்த்தா தெரியலையா? தலையணை உறை."

"நான் கேட்டது தலை உறை."

தம்பி எட்டிப் பார்த்தான். "தலைக்குப் போடறதுன்னா தொப்பிதானே சார்? தொப்பின்னு சொல்லியிருந்தா தொப்பியே தெச்சிருப்பேன்."

"தொப்பி இல்லய்யா. மூஞ்சி, கழுத்து எல்லாத்தையும் மூடணும்."

"குளிருக்கா சார்?"

ஜெயிலர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் தெருக்கோடிக்குக் கேட்கிற குரல் அவருடையது. "தூக்குக்குய்யா. தூக்குல போடறவன் தலையில மாட்டறது. பழசை எலி கடிச்சு வெச்சிருக்கு."

தையல் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

"கழட்டுடா" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னும் கை நீளம் பாக்கலையேம்மா" என்றார் மாப்பிள்ளை.

"கழட்டுன்னு சொன்னேன்ல!"

அவர்கள் போன பிறகு ஜெயிலர் கொஞ்சம் வருத்தப்பட்டார். "ஒரு பை மாதிரி தெச்சுக் குடுத்துடுங்க பெரியவரே. அடுத்த வாரம் தேதி வெச்சாச்சு. உறை இல்லாம செய்யக் கூடாதுன்னு விதியில இருக்கு. மேலேர்ந்து தினமும் கேக்கறாங்க."

"பை வேணும்னா பை தைக்கிற கடைக்குப் போங்க சார்."

"போக முடியாதே. கைதிங்க உடுப்பு தவிர ஜெயிலுக்கு வர்ற துணியெல்லாம் உங்க கடையிலேர்ந்துதான் வரணும். ஒப்பந்தம் அப்படி."

"அப்படின்னா எங்க கடை வழக்கப்படிதான் வரும். ஆளைக் காட்டுங்க. அளவெடுத்துத்தான் தைப்போம்."

ஜெயிலர் என்னையும் அந்தச் சுருக்கம் வைத்த உறையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருமுறை அளவில்லாமல் தைத்து அவமானப்பட்டது போதும் என்று நான் முடிவு செய்துவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தலையணை உறையை விட்டுவிட்டுப் போகவில்லை. நல்ல துணி அல்லவா.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என் மருமகள் வக்கீல். நீதிமன்றத்தில் பேசி மிஞ்சியதை அவள் சாப்பாட்டு மேசையில் பேசுவாள். அன்று மிச்சம் நிறைய இருந்தது.

"மாமா, அதை நம்ம கடையில தைக்கக் கூடாது."

"ஏம்மா, தண்டனை குடுத்தது உங்க கோர்ட்டு. அந்த நீதிபதி போட்டிருந்த அங்கி நாம தெச்சது. அதுக்கு நீ ஒண்ணும் சொல்லலையே."

"அங்கி யாரையும் கொல்லாது மாமா."

"உறை மட்டும் கொல்லுதா? கயிறுதான் கொல்லுது."

"கயிறு தயாரிச்சவனும் இதையேதான் சொல்லுவான். பலகை அடிச்சவன், லீவரை இழுக்கறவன், கையெழுத்துப் போட்டவன், எல்லாரும் சொல்லுவாங்க. கடைசியில அந்த ஆளை யாருமே கொல்லலை, அவனா செத்துப்போனான்னு ஆயிடும்."

இப்படிப் பேசினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. "அவன் செஞ்சது தெரியுமா உனக்கு? மரக்கடைக்காரரை நடுத்தெருவில வெட்டினவன். அவர் நம்ம வாடிக்கை. அவருக்குத் தெச்ச கால்சட்டை இன்னும் நம்ம அலமாரியில தொங்குது. வாங்கிப் போட ஆள் இல்லை."

"தெரியும் மாமா. இவனைத் தொங்கவிட்டா அவர் வந்து வாங்கிப்பாரா?"

என் மனைவி இடையில் புகுந்தாள். "என்னங்க, அந்தத் துணி மட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"வீடு வேற, கடை வேற. நாம தைக்கலேன்னா வேற எவனாவது தைப்பான். மோசமா தைப்பான்."

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "மோசமா தெச்சா என்ன மாமா? திரும்பி வந்து சண்டை போடப்போறானா?"

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்து கேட்க முடியாதவனுக்குத்தான் இன்னும் ஒழுங்காகத் தைக்க வேண்டும் என்றேன். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பேச்சைப் பாதியில் விட்டு அவள் எழுந்ததை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. வென்றேனா தோற்றேனா என்று தெரியாமல் கை கழுவப் போனேன்.

சிறைச்சாலையில் எங்களை ஒரு நீண்ட அறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் பாதி வரைக்கும் பச்சைச் சாயம், அதற்கு மேல் சுண்ணாம்பு. ஜன்னல் உயரத்தில் இருந்தது. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, எடை பார்க்கும் இயந்திரம். காவலர்கள் இருவர் கைதியைக் கூட்டிவந்தார்கள். அவர்களுடைய சட்டைத் தோள்கள் அழகாக உட்கார்ந்திருந்தன.

நடுத்தெருவில் வெட்டியவன் என்றால் ஒரு உருவம் மனத்தில் வருமே, அப்படி ஒன்றும் இல்லை. ஒல்லியான ஆள். தலை மிகச் சிறியது. சிறையில் அவனை எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். வந்ததும் வராததுமாகத் தும்மினான்.

அவனுக்குப் பின்னால் மருத்துவர் மாத்திரைப் பட்டையோடு வந்தார். "இன்னும் ஜலதோஷம் போகலையா? மாத்திரையை ஒழுங்கா போடுப்பா. உடம்பு சரியில்லாதவனைத் தூக்குல போட முடியாது."

"அதான் சார் போடாம இருக்கேன்" என்றான் சுண்டு.

நான் அளவு நாடாவை எடுத்தேன். அவன் பின்வாங்கினான். கழுத்தைச் சுற்றி வருகிற எதைப் பார்த்தாலும் அவனுக்கு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"பயப்படாதப்பா. டேப்தான். தலைக்கு அளவு."

"தைக்கிறவரா? நான் தூக்குல போடறவர்தான் வந்துட்டார்னு நெனச்சேன்." பெஞ்சில் உட்கார்ந்து தலையை நீட்டினான். "எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் அளவெடுத்ததே இல்ல மாஸ்டர். சின்ன வயசுல அண்ணன் சட்டை. அப்புறம் முதலாளி வீட்டுப் பழசு. இங்க வந்தப்புறம் இது." தான் போட்டிருந்த சிறை உடுப்பை இழுத்துக் காட்டினான். அதற்குள் இன்னும் இருவர் குடியிருக்கலாம். கைதிகளின் உடுப்பு எங்கள் வேலை அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நெற்றிச் சுற்று, காதுக்குக் காது, உச்சியிலிருந்து தோள் என்று நான் சொல்லச் சொல்லத் தம்பி குறித்துக்கொண்டான். அளவு முடிந்ததும் பழக்கதோஷத்தில் அவன் வாய் திறந்தது.

"எப்போ வேணும்? அவசரமா?"

காவலர்கள் கூரையைப் பார்த்தார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். சுண்டு மட்டும் தீவிரமாக யோசித்தான்.

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லண்ணே. நீங்க நிதானமா தைங்க."

கடைக்குத் திரும்பியதும் நானே வெட்டினேன். தம்பி ஓட்டுத்தையல் போட்டான். லேபிளைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். கடையின் பேரும், அதற்குக் கீழே நீண்ட நாள் உழைக்கும் என்ற வரியும் நெய்த லேபிள்.

"அண்ணா, இதை வைக்கணுமா?"

"நம்ம வேலைன்னு சொல்லிக்க வெக்கப்படற வேலையை நாம செய்யறதில்லை. வை."

"உள்பக்கம்தானே வைப்போம். வெச்சா அவன் கண்ணுக்கு நேரா வரும்."

நான் லேபிளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். பிறகு பார்க்கலாம் என்றேன். எங்கள் கடையில் லேபிளைப் பிறகு பார்த்ததே கிடையாது.

போட்டுப் பார்க்க நாங்கள் மறுபடியும் போனபோது அறையில் கூட்டம் கூடியிருந்தது. ஜெயிலர், மருத்துவர், காவலர்கள், வெளியூரிலிருந்து வந்திருந்த தூக்குக்காரர். தூக்குக்காரர் பருத்த, சாதுவான மனிதர். ஊரில் அவருக்கு மாவு மில் இருக்கிறதாம்; இது அப்பாவிடமிருந்து வந்த வேலையாம். தனக்கு விருப்பமில்லை என்பதை வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உறையைச் சுண்டுவின் தலையில் மாட்டினேன். கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மூக்குக்கிட்ட உறுத்துது மாஸ்டர்."

சாக்குக்கட்டியால் அந்த இடத்தில் குறித்தேன்.

"இடது காது மடங்குது."

குறித்தேன்.

"பேசினா உதட்டுல ஒட்டுது."

"அதுல போய் என்னய்யா பேசப்போற?" என்றார் ஜெயிலர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "சார், போட்டுக்கறவர் குறை சொல்லும்போது குறுக்கே பேசினா எனக்கு வேலை ஓடாது."

மருத்துவருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் காலத்துல கயிறு, உறை எல்லாம் எதுக்கு சார்? ஊசின்னா எவ்வளவு நாகரிகம். படுக்க வெச்சு ஒண்ணு போட்டா தூங்கற மாதிரி போயிடுவான்."

"போடுங்களேன்" என்றார் தூக்குக்காரர் ஆசையாக. "நான் இன்னிக்கே ஊருக்குப் போயிடறேன். யாரு போடறது, நீங்களா?"

"நான் எப்படிப் போடறது? நான் டாக்டர்."

"அதானே. நாகரிகமானதை வேற யாராவது செய்யணும்."

ஜெயிலருக்குத் துப்பாக்கிதான் பிடித்திருந்தது. "வரிசையா ஆறேழு பேரை நிறுத்திடணும். ஒருத்தர் துப்பாக்கியில மட்டும் குண்டு இருக்காது. எதுலன்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும் தன்னோடதுலதான் குண்டு இல்லைன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

தம்பிக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அப்ப யாருமே சுடலைன்னுதானே சார் ஆகுது? ஆளு எப்படிச் செத்தான்?"

என் மருமகள் பேசியது நினைவுக்கு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு மூக்குப் பக்கத்துத் தையலைப் பிரித்தேன்.

"கரண்ட் நாற்காலி ஒண்ணு இருக்கு" என்றார் மருத்துவர்.

"நடுவுல கரண்ட் போயிட்டா?" என்றது உறைக்குள்ளிருந்த குரல். "வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணுமா?"

"அந்தக் காலத்துல தலையையே வெட்டிடுவாங்க. ஒரு நொடி. வலியே தெரியாது" என்றார் ஜெயிலர்.

"துணி பாழாயிடும்" என்றேன் நான். எனக்கு வேறென்ன தோன்றும்?

சுண்டு உறையைத் தானே மேலே தூக்கி முகத்தை வெளியே எடுத்தான். நெற்றி வியர்த்திருந்தது. "வலிக்காது, வலிக்காதுங்கறீங்க. எல்லாரும் ஒரு தடவை போயிட்டு வந்த மாதிரியே பேசறீங்களே" என்று சொல்லித் தும்மினான்.

அன்றைக்கு உறையைத் திரும்ப எடுத்து வந்தோம். மூக்குக்கு இடம் விட்டேன், காதுப் பக்கம் மடிப்பு வைத்தேன். தேதி ஒருமுறை தள்ளிப்போயிற்று. மறுபடி கொண்டுபோனால் கழுத்தில் அரிக்கிறது என்றான். உள்ளே மெல்லிய துணி கொடுத்துத் தைத்தேன். தேதி இன்னொரு முறை தள்ளிப்போயிற்று. அவன் சொன்ன குறை ஒவ்வொன்றும் நியாயமானதுதான். நானே கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சட்டையை அள்ளிக்கொண்டு ஓடுகிற சில வாடிக்கையாளர்களை விட அவன் துணியைப் புரிந்தவன்.

கடைசியாகப் போன அன்று ஜெயிலர் அறையின் குறுக்கே நடந்துகொண்டிருந்தார். மேலேயிருந்து கடுமையாகப் பேசிவிட்டார்களாம். நான் உறையை மாட்டி, நாலு பக்கமும் இழுத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இப்ப சரியா இருக்காப்பா?"

உறை இடதும் வலதும் திரும்பிப் பார்த்தது. பிறகு, "இன்னும் கொஞ்சம் என்னவோ இருக்கு மாஸ்டர். என்னன்னு சொல்லத் தெரியல" என்றான்.

"நடிக்கிறான்!" ஜெயிலர் மேசையைத் தட்டினார். "பெரியவரே, இவன் என்னிக்கும் சரின்னு சொல்லமாட்டான். சரின்னு சொன்னா மறுநாள் தூக்கு. எவன்யா சரின்னு சொல்லுவான்?"

உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எனக்கு அவன் வாடிக்கையாளர்; உறை உருப்படி. அதற்கு மேல் என் பார்வை போகவில்லை.

"போட்டுக்கறவங்க சரின்னு சொல்லாம நாங்க குடுக்கறதில்லை சார்."

"அட, அது அவனுக்காகவே இல்லய்யா! அவனுக்கு எப்படி இருந்தா என்ன? அது எங்களுக்கு. அவன் மூஞ்சியை நாங்க பாக்காம இருக்கறதுக்கு!"

தூக்குக்காரர் தலையாட்டினார். "ஆமாங்க ஐயா. மூஞ்சி தெரிஞ்சா என்னால கைய வைக்க முடியாது. கண்ணு பாக்கும். நாக்கு வரும். எங்கப்பா சொல்லியிருக்கார்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தாத்தா காலத்துக் கடை. அதன் மூத்தவன் நான், ஒரு மாதமாகத் தவறான ஆளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தலையணை உறையை விட இது பெரிய அவமானம். ஆனால் தவறு தெரிந்தால் திருத்துவதுதான் எங்கள் குடும்பத்துக்கு அழகு. எழுந்து, சுண்டுவின் தலையிலிருந்து உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அளவு நாடாவை உதறினேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். பாக்கக் கூடாதவங்க நீங்கன்னா உறை உங்களுக்குத்தான். உக்காருங்க."

"என்னது?"

"நீங்க, டாக்டர், இவர். வேற யாரெல்லாம் அங்க நிப்பாங்க? அந்த நீதிபதி வருவாரா? அவர் அளவு எங்ககிட்ட இருக்கு. தம்பி, குறிச்சுக்க."

"நான் மூடிக்கிட்டா லீவர் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார் தூக்குக்காரர்.

"நாடி பாக்கணும் பெரியவரே" என்றார் மருத்துவர்.

"நாடியைக் கையாலதானே பாப்பீங்க?" என்றான் தம்பி.

சுண்டு சிரித்தான். சத்தமாக, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். காவலர்களில் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. ஜெயிலருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேசைமேலிருந்த உறையை எடுத்தார்.

"இதுல ஒரு குறையும் இல்ல. நானே போட்டுக் காட்டறேன். சரியா இருந்தா இன்னிக்கே டெலிவரி. ஒத்துக்கறீங்களா?"

நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதற்குள் அவர் தலையை உள்ளே விட்டுவிட்டார்.

அவர் தொப்பிக்குத் துணி வெட்டுகிறவன் நான். அந்தத் தலையின் சுற்றளவு எனக்குத் தெரியும். இது சுண்டுவின் தலைக்கு வெட்டியது. நெற்றி வரை எப்படியோ போயிற்று, பலம் கொடுத்து இழுத்ததில் மூக்கைத் தாண்டிக் கழுத்துக்கு வந்து நின்றது. பிறகு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"சரியா... இருக்கு" என்றது உறை.

"நல்லது சார். கழட்டுங்க."

"இருய்யா... வரலை." கைகள் உறையைப் பிடித்து இழுத்தன. "இருட்டா இருக்கு. யாரு அங்க? யாரு பக்கத்துல நிக்கறது? யாராவது பேசுங்கய்யா!"

ஒருவரும் பேசவில்லை. மரியாதையால் அல்ல, அந்தக் குரலைக் கேட்டு எங்களுக்கு வாய் எழவில்லை. தெருக்கோடிக்குக் கேட்கிற அந்தக் குரல் குழந்தைக் குரலாகிவிட்டிருந்தது. தூக்குக்காரர் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டார். ஜெயிலர் எங்கேயோ கை நீட்டி, மேசையில் மோதி, எடை இயந்திரத்தின்மேல் ஏறி நின்றார்.

சுண்டுதான் பக்கத்தில் போனான். "சார், சார், நான் சுண்டு. மூச்சை மெதுவா விடுங்க. மொத தடவை அப்படித்தான் இருக்கும். தலையைக் குனிங்க. மாஸ்டர், கத்தரி."

வாடிக்கையாளர் கேட்டால் கத்தரி கொடுப்பதில்லை. நானே போய்ப் பின்பக்கத் தையலை அடியிலிருந்து உச்சி வரை வெட்டினேன். என் கையால் தைத்ததை என் கையாலேயே.

ஜெயிலரின் முகம் வெளியே வந்தது. மீசை கலைந்திருந்தது. எடை இயந்திரத்திலிருந்து இறங்காமல் சுண்டுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு மாதமாகத் தலையைத்தான் அளந்தேனே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. சாதாரண முகம். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"சரியில்லை" என்றார் ஜெயிலர் கடைசியில்.

"எங்க சரியில்லை சார்? சொல்லுங்க, மாத்தித் தரேன்."

அவர் எடை இயந்திரத்திலிருந்து இறங்கி வெளியே போனார்.

அதற்குப் பிறகு சில நாள் சிறையிலிருந்து தகவல் இல்லை. ஒரு பிற்பகல் ஜெயிலர் கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எங்கள் மருமகள் நீதிமன்றத்திலிருந்து வந்து, அங்கியில் கிழிந்த ஓரத்தைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"பெரியவரே, மேலேர்ந்து புது உத்தரவு. யாருக்கும் அளவு வேணாமாம். எந்தத் தலைக்கும் பொருந்தற மாதிரி பெரிசா ஒண்ணு தெச்சுத் தரணுமாம். இல்லேன்னா சீருடை ஒப்பந்தத்தை வேற கடைக்கு மாத்திடுவாங்களாம்."

சீருடை போனால் கடையில் பாதி இயந்திரம் சும்மா நிற்கும். தம்பி வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மருமகள் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தலைக்கும் பொருந்தற மாதிரி இந்தக் கடையில எதுவும் தெச்சதில்லை சார். யார் தலைக்குன்னு சொல்லுங்க. அந்தத் தலை இங்க வரணும்."

ஜெயிலரின் முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்தது கோபத்தை. அவர் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். அதில் ஏற்கெனவே யாரோ இருந்தார்கள்.

"கேட்டீங்களா சார்? இப்படித்தான் சொல்லுவார்னு நான் சொன்னேன்ல? ஒரு நிமிஷம், அவரையே பேசச் சொல்றேன்." கைபேசியை என் வாய்ப்பக்கம் நீட்டினார். "பெரிய அதிகாரி. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க பெரியவரே. அவருக்குக் காது மந்தம்."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு பேசுகிற விஷயம் இல்லை இது.

"ஐயா! அளவெடுக்காம எங்க கடையில கத்தரி தொடறதில்லை! அந்த முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு யார் நெனைக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் உறை! நீங்கதான்னா நீங்களே வாங்க! எத்தனை பேர் இருந்தாலும் கூட்டிக்கிட்டு வாங்க! ஒருத்தர் விடாம அளவெடுத்துத் தெச்சுத் தரேன்!"

எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள்.

கைபேசிக்குள்ளிருந்து ஒரு வயதான குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது. "எனக்கா? எனக்கு எதுக்குய்யா உறை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

தொடர்பு அறுந்துவிட்டது. ஜெயிலர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். புதுத் தேதி எதுவும் வைக்கவில்லை என்றும், சுண்டுவுக்கு ஜலதோஷம் போய்விட்டது என்றும் யாரும் கேட்காமலே சொன்னார். ஒப்பந்தம் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாதாம். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் மருமகள் பக்கம் திரும்பாமலே பேசினேன். "இதுல இரக்கம், கிரக்கம் ஒண்ணும் இல்லைம்மா. நம்ம வாடிக்கையாளரை வெட்டினவன் அவன். அதை நான் மறக்கலை. அளவு இல்லை, அதனால தைக்கலை. அவ்வளவுதான்."

"தெரியும் மாமா" என்றாள்.

அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. அவளுடைய அங்கியை எடுத்துக் கிழிந்த ஓரத்தை விரித்தேன். கிழிசல் நினைத்ததை விடப் பெரிதாக இருந்தது.